வீட்டுக்காசு

ரேலீனுக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. எதையாவது போட்டுத் தேய்ப்பாள், எதையாவது போட்டு உடைப்பாள், இரண்டும் போதாவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அன்று கிளம்பிவிட்டாள். மேற்கே தான் குடியிருந்த நிலக்கரிச் சுரங்க ஊரிலிருந்து ஆற்றங்கரை ஊரான ராக்ஹாம்ப்டன் வரைக்கும் கொட்டுகிற மழையில் அப்பனைத் திட்டிக்கொண்டே வந்தாள். வண்டியில் வேறு ஆள் இல்லாததால் நன்றாக வாய்விட்டே திட்ட முடிந்தது.

விஷயம் முந்தின நாள்தான் காதில் விழுந்தது. தம்பி பெண்டாட்டி ஷெரில் வேறு என்னவோ பேச ஃபோன் போட்டவள், போகிற போக்கில் கொளுத்திப் போட்டாள். "உங்கப்பா உம் பொண்ணு டீகன்கிட்ட வாராவாரம் வீட்டுக்காசு வாங்குறாராமே, உனக்குத் தெரியுமா?" அடுப்பில் வெங்காயம் கருகியது ரேலீனுக்குத் தெரியவில்லை.

அப்பன் வீடு இருந்த, கறித் தொழிற்சாலைக்காரர்களின் தெருவில் வீட்டுக்காசு என்பது புதிது அல்ல. வேலைக்குப் போகிற பிள்ளை, படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் என்று சம்பள நாளில் ஒரு தொகையை மேசையில் வைக்கும். சம்பளம் வியாழக்கிழமை என்பதால் காசும் வியாழக்கிழமை. வைக்கிற பிள்ளை தலைநிமிர்ந்து சாப்பிடும், வைக்காத பிள்ளையைத் தெருவே தண்டச்சோறு என்னும். அதெல்லாம் சரி. ஆனால் டீகன் சம்பளம் வாங்குகிறவளா? தாத்தா வீட்டில் தங்கி நர்ஸ் படிப்புப் படிக்கிறவள். படிக்கிற பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவியும், ஞாயிறன்று பேக்கரியில் நின்று சம்பாதிக்கும் சில்லறையும்தான் அவளுக்கு வரும்படி. அப்பனோ முதியோர் பென்ஷன் வாங்குகிற மனிதர், இருப்பது சொந்த வீடு. ஒரே மகளின் ஒரே மகளிடம் கை நீட்ட அந்த ஆளுக்கு எப்படி மனசு வந்தது? இந்தக் கேள்வியைத்தான் ரேலீன் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள். கூடவே ஒரு முடிவும் எடுத்திருந்தாள். இன்றைக்கே பெண்ணைக் கையோடு கூட்டிப்போய்விடுவது.

வெயினும் அதையேதான் சொல்லியிருந்தான். வெயின் அவளுடைய இப்போதைய வீட்டுக்காரன். "கூட்டிட்டு வா. எங்க சொரங்கத்துக் கேன்டீன்ல ஆளு தேடுறாங்க. படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறா," என்றான். போக வர பெட்ரோலுக்குக் காசை எண்ணிக் கையில் கொடுத்து, "வண்டி என்னுது. கீறல் விழுந்துச்சு, அப்பறம் இருக்கு," என்றும் சொன்னான்.

ஊருக்கு முன்னால் தாழ்வாகப் போகிற சாலையில் இரண்டு பக்கமும் தண்ணீர் நின்றது. மஞ்சள் மழைச்சட்டை போட்ட போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உள்ள போகலாம்மா. வெளிய வர்றதுக்கு நான் பொறுப்பில்ல. பொழுது சாயறதுக்குள்ள இது முங்கிரும்."

"அரை மணி நேரம் போதும். எம் பொண்ணத் தூக்கிட்டு வந்துர்றேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டுப் போறாங்க," என்று அவர் வழிவிட்டார்.

அந்த ஆற்று வெள்ளம் திடீரென்று வந்து அடித்துப்போகிற ரகம் இல்லை. மேற்கே எங்கேயோ பெய்த மழை நாள்கணக்கில் நடந்து வந்து, நாளைக்கு உன் முதல் படி, மறுநாள் மூன்றாவது படி என்று சொல்லிவைத்து ஏறும். அதனால்தான் ஆற்றோரத் தெருவில் எல்லா வீடுகளும் ஆள் உயரத்துக்கு மேலான கட்டைக் கால்களில் நின்றன. வீட்டுக்கு அடியில் வாஷிங் மிஷின், புல்வெட்டும் எந்திரம், மீன் பிடிக்கிற தகரப் படகு என்று எல்லாவற்றையும் போட்டு வைத்திருப்பார்கள். வெள்ளம் வருகிறது என்றால் அவை மேலே ஏறும், படகு படிக்கட்டில் கட்டப்படும். மற்றபடி யாரும் பதற மாட்டார்கள்.

ரேலீன் வண்டியைப் பள்ளிக்கூடத்து மேட்டில் விட்டுவிட்டு, கணுக்கால் அளவுத் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். சேறும் டீசலும் அழுகின மாம்பழமும் கலந்த வாடை அடித்தது. வீட்டின் முன்கட்டையில் மலைப்பாம்பு ஒன்று சுற்றிக்கொண்டு, தண்ணீருக்கு மேலே தலையை வைத்துக் காத்திருந்தது. அதற்குப் பக்கத்திலேயே அவள் அப்பா மெர்வ் வாஷிங் மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயது. வாழ்நாள் முழுக்க மாட்டிறைச்சியில் எலும்பு பிரித்த கை, இடது கையில் இரண்டு விரல் மடங்காது. மகளைப் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருக்கும்.

"வந்துட்டியா, நல்லதாப்போச்சு. அந்தப் பக்கம் புடி," என்றார்.

"நான் வாஷிங் மிஷின் தூக்க வரல."

"எதுக்கு வந்தியோ அதத் தூக்கிக்கிட்டே பேசு. தண்ணி நின்னு கேக்காது."

செருப்பைப் படியில் வீசிவிட்டுக் கீழ்ப்பக்கத்தைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் தன் மேலேயே கோபம் வந்தது. இந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் கை தானாக நீளுகிறதே.

"பேத்திகிட்ட சோத்துக்குக் காசு வாங்குறியாமே?"

"ஆமா. எடது பக்கம் சாயுது பாரு."

"வெக்கமா இல்ல?"

"ரெண்டு படி ஏறிட்டுச் சொல்றேன்."

"இப்பச் சொல்லு."

"இப்ப மூச்சு முட்டுது."

"கவர்மென்டு ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா உன் கணக்குல பென்ஷன் போடுது. ஒத்த ஆளு, வாடகை கெடையாது, குடும்பம் கெடையாது. அது பத்தாதுன்னு படிக்கிற புள்ள பர்ஸுல கை விடுற. ஊர்ல எவனாவது செய்வானா இத?"

"மூலைய இடிக்காத. கைப்பிடி இப்பத்தான் பெயின்டு அடிச்சது."

ரேலீனுக்கு அப்படியே கையை விட்டுவிடலாமா என்று இருந்தது. விட்டால் தன் தலையில்தான் விழும் என்பதால் விடவில்லை. பாதி படியில் டீகன் மேலேயிருந்து இறங்கி வந்து நடுவில் தோள் கொடுத்தாள். இருபது வயசு. அம்மாவைப் போலவே அகலமான தோள், ஆனால் முகத்தில் அவசரம் இல்லை.

"அம்மா, நீ வர்றேன்னு சொல்லவே இல்ல."

"உன் பையை எடு. கெளம்பறோம்."

"மொதல்ல இதை வைக்கலாம்மா. எங்க காலு நசுங்குது."

மூன்று பேருமாக அதைச் சமையலறைக்குள் கொண்டுபோய் வைத்தபோது மூன்று பேருக்கும் பேச மூச்சில்லை. அடுப்பில் உப்புக்கண்டக் கறி பெரிய பாத்திரத்தில் கிராம்பும் வினிகருமாக வெந்துகொண்டிருந்தது. கரன்ட் எப்போது வேண்டுமானாலும் போகும் என்பதால் ஃப்ரீசரில் இருந்ததைத் தெருவே சமைத்துத் தீர்த்துக்கொண்டிருந்த நாள் அது. தட்டு அலமாரியில் பச்சை விளிம்பு போட்ட பழைய கெட்டித் தட்டுகள் அடுக்கியிருந்தன. ரேலீன் அவற்றைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அந்த வீட்டில் வியாழக்கிழமைக்கு ஒரு வழக்கம் இருந்தது. காசு வைத்தவர் தட்டு நிமிர்ந்திருக்கும், வைக்காதவர் தட்டு கவிழ்ந்திருக்கும். திட்டு கிடையாது, கேள்வி கிடையாது. ரேலீனுக்குப் பதினாறு வயசில் துணிக்கடை வேலை போனது. வீட்டில் சொல்லவில்லை. அடுத்த வியாழக்கிழமை அவள் தட்டு கவிழ்ந்திருந்தது. வைத்தது அம்மா, வைக்கச் சொன்னது அப்பா. அதற்கடுத்த வியாழக்கிழமையும் கவிழ்ந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பின்படியில் உட்கார்ந்து வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு வந்து படுத்தாள். அந்த மாதம் முடிவதற்குள் ஒரு லாரிக்காரனோடு போய்விட்டாள். அவன்தான் டீகனுக்கு அப்பன். அவனும் நிலைக்கவில்லை. அம்மா செத்த பிறகு இந்த வீட்டுக்கு விருந்துக்கு வந்து போகிறதும் குறைந்துவிட்டது. டீகன் இங்கே தங்கிப் படிக்கிறேன் என்றபோது, தாத்தனுக்காவது ஒரு துணை என்று ரேலீன் ஒத்துக்கொண்டிருந்தாள். கிழவர் திருந்தியிருப்பார் என்றும் நினைத்திருந்தாள். அதுதான் இப்போது வயிற்றெரிச்சல்.

"சொல்லு. என்ன பண்றே அந்தக் காச?" என்று கேட்டாள். "குதிர ரேசுக்கா?"

"ரேசுக்குத் தனியா இருக்கு."

"அப்ப எதுக்கு?"

"வீட்டுக்கு. கறி என்ன சும்மாவா வருது?"

"நான் இப்பவே பென்ஷன் ஆபீசுக்கு ஃபோன் போடுறேன். வீட்ல ஆள வெச்சுக் காசு பாக்குறாருன்னு சொல்றேன். கையில இருக்கறதும் போகட்டும்."

அந்தத் தெருவில் திருடனைக்கூட மன்னிப்பார்கள், காட்டிக்கொடுக்கிறவனை மன்னிக்க மாட்டார்கள். சொன்ன ரேலீனுக்கே நாக்கு கசந்தது. ஆனாலும் ஃபோனைக் கையில் எடுத்தாள், சொன்ன சொல்லுக்காக.

"போடு," என்றார் மெர்வ். "நம்பர் ஃப்ரிட்ஜுல ஒட்டியிருக்கு. ஆனா நான் முந்திக்கிட்டேன்."

"என்ன முந்திக்கிட்ட?"

"பேத்தி வந்திருக்கா, வீட்டுக்காசு குடுக்கிறான்னு மொத வாரமே நானே சொல்லிட்டேன்."

ரேலீன் ஃபோனை இறக்கினாள். "உன்ன யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல."

"ஊரு பூரா மூடி மறைக்குது. நீ வலிய போய்ச் சொன்னியா? கொறச்சாங்களா?"

"கொஞ்சம். என் சேமிப்பு, அது இதுன்னு எல்லாத்தையும் கூட்டிப் பாத்துக் கொறச்சாங்க. அந்த ஆபீஸ் பொண்ணு நல்லாத்தான் பேசிச்சு. மகளா பேத்தியான்னு கேட்டுச்சு. மகள் குடுத்தாக் கணக்குல வராதாம், பேத்தின்னா வருமாம். எவன் போட்டானோ இந்தச் சட்டம்."

"மகள்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"மகள் எங்க இருக்கா இங்க?"

ரேலீனுக்குக் கோபம் இரட்டிப்பானது. இந்தக் கையில் பேத்தியிடம் வாங்கி அந்தக் கையில் அரசாங்கத்திடம் விடுகிற மனிதரை என்ன சொல்லித் திட்டுவது? திருடன் என்றாலாவது திட்ட வசதியாக இருந்திருக்கும். அவள் மகள் பக்கம் திரும்பினாள்.

"பையை எடுன்னு சொன்னேன்ல. ரோடு முங்கப்போகுது."

"நான் வரலம்மா."

"என்னடி வரல?"

"திங்கக்கெழம ஆஸ்பத்திரில எனக்கு ட்ரெய்னிங் ஆரம்பிக்குது. ஆஸ்பத்திரி மேட்டுல இருக்கு, இங்கேருந்து படகுல கொண்டுபோய் விடுறேன்னு பக்கத்து வீட்டு காலின் சொல்லியிருக்காரு. இப்ப உங்கூட வந்தா வெள்ளம் வடியற வரைக்கும் அந்தப் பக்கம் மாட்டிக்குவேன். ஒரு வருஷம் போச்சு."

"ஒரு வருஷந்தானே. காசு சேத்துட்டு அடுத்த வருஷம் படி. வெயின் கேன்டீன்ல சொல்லி வெச்சிருக்கான்."

"வெயின் எனக்கு ஒண்ணும் சொல்லி வெக்க வேண்டாம்."

"இந்த ஆளு உன்ன உறிஞ்சறது உனக்குத் தெரியல. என்னையும் இப்படித்தான்..."

"அவரு கேக்கலம்மா," என்றாள் டீகன். "நாந்தான் கேட்டேன். வந்த அன்னிக்கே, பெட்டியத் தெறக்கறதுக்கு முன்னாடியே, எவ்வளவு குடுக்கணும் தாத்தான்னு கேட்டேன். அவரு யோசிச்சு ஒரு தொகை சொன்னாரு. அதிகம்னு சொன்னேன். சண்டை போட்டுத்தான் கொறச்சேன்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"அவரு சமையல் ரூம்ல சுருட்டுப் பிடிப்பாருல்ல? எனக்கு ஆகாதுன்னு சொன்னேன். இப்ப மழையில கொடைய புடிச்சிக்கிட்டுப் பின்படில நின்னு பிடிக்கிறாரு. நான் படிக்கிறப்ப ரேஸ் ரேடியோ போடக் கூடாதுன்னு சொன்னேன். போடறதில்ல."

"காசு குடுக்கிறவ சொன்னாக் கேக்கணும்ல," என்றார் மெர்வ் முணுமுணுப்பாக. முகத்தில் உண்மையாகவே எரிச்சல் இருந்தது. "பாட்டியோட சோபாவ வேற நகத்த வெச்சா."

டீகன் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து நடைக்குக் கூட்டிப்போனாள். கடைசி அறை. ரேலீன் படுத்து எழுந்த அறை அதற்கு எதிர் அறை, அதன் கதவு சாத்தியிருந்தது. டீகன் தன் அறைக் கதவைத் திறந்து அதன் உள்பக்கத்தைக் காட்டினாள். கதவில் புதுப் பித்தளைத் தாழ்ப்பாள், நாலு திருகாணியும் ஒன்றுபோல் இறங்கியிருந்தன.

"மொத வியாழக்கிழம நான் காசு வெச்சேன். மறுநாள் காலேஜ்ல இருந்து வந்தா இது மாட்டியிருந்துச்சு. நான் கேக்கவே இல்ல. குடித்தனக்காரிக்குத் தாழ்ப்பாள் இருக்கணும்னு சொன்னாரு."

"நல்லதுதான். அதுக்கென்ன?"

"நம்ம வீட்ல என் ரூமுத் தாழ்ப்பாள வெயின் கழட்டினது ஞாபகம் இருக்கா?"

ரேலீன் பித்தளைத் தாழ்ப்பாளை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"என் வீடு, என் கதவுன்னான். நான் குளிச்சிட்டு வந்து துணி மாத்தறப்பத்தான் அவனுக்குச் சுத்தியல் தேட வேண்டியிருக்கும். கதவத் தெறந்துட்டு நின்னு, சுத்தியல் எங்கன்னு கேப்பான். சாவகாசமா நின்னு கேப்பான். உங்கிட்ட சொன்னேன். நீ உருளக்கெழங்கு உரிச்சிக்கிட்டிருந்த."

"அவன் யோசிக்காம..."

"அன்னிக்கும் நீ இதையேதாம்மா சொன்னே. அவன் யோசிக்காமப் பண்றான், அவன் வீடுதானேன்னு. அதான் நான் இங்க வந்தேன். படிப்புக்காக மட்டும் வரல." டீகனின் குரல் ஏறவில்லை. அதுதான் ரேலீனால் தாங்க முடியவில்லை. கத்தினால் திருப்பிக் கத்தலாம். "சும்மா இருந்தேன்னா யாரு வீட்லயும் நான் சும்மா இருக்கறவதான். காசு குடுத்தா முடியாதுன்னு சொல்லலாம். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

ரேலீன் இத்தனை தூரம் ஓட்டிக்கொண்டு வந்த கோபம் இறங்க இடமில்லாமல் திரும்பி அவள் மேலேயே பாய்ந்தது. சொன்னாளே, பிள்ளை சொன்னாளே. கையில் கத்தியும் உருளைக்கிழங்கும் இருந்தது நன்றாக ஞாபகம் இருந்தது. தோலைச் சீவிக்கொண்டே இருந்தாள். தன் மேல் வருகிற கோபத்தை மனுஷர் எத்தனை நேரம் சுமக்க முடியும்? சமையலறைக்குத் திரும்பிப் போய் அதை அப்பன் மேல் இறக்கினாள்.

"பெரிய நியாயஸ்தன். இவளுக்குத் தாழ்ப்பாள் வெச்சியே, என் தட்டக் கவுத்தது யாரு? பதினாறு வயசு. வேலை போன புள்ளைக்கு ஒரு வாய் போட மனசு வரலல்ல உனக்கு?"

மெர்வ் கரண்டியால் கறியைத் திருப்பிப் போட்டார். "வேலை போனத நீ சொல்லல."

"நீ கேட்டியா?"

"கேக்கல." பாத்திரத்தை மூடினார். "காசெல்லாம் அந்த லாரிக்காரனுக்குப் போகுதுன்னு நெனச்சேன். நீ போன பெறகு துணிக்கடைக்காரி சொல்லித்தான் தெரியும்."

"தெரிஞ்ச பெறகு வந்து கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிட்டிருக்கலாம்."

"அவ்வளவுதானா?"

"தப்புத்தான். வேற என்ன சொல்லச் சொல்ற? நானே போய் நின்னா என் தலை எறங்கிரும்னு இருந்துட்டேன். நீ வந்து நின்னா உன் தலை எறங்கிரும்னு நீ இருந்துட்ட. எங்கேருந்து வந்துச்சு உனக்கு அந்தத் திமிரு?"

"உங்கிட்ட இருந்துதான்."

"தெரியுது," என்றார். அடுப்பைத் தணிக்கத் திரும்பிக்கொண்டார். இத்தனை வருஷம் காத்திருந்த சண்டை இவ்வளவு சீக்கிரம் முடிந்துபோனதில் ரேலீனுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. முழுசாகச் சண்டை போடவும் விடாத மனிதர்.

ரேடியோவில் மேற்குச் சாலை மூடியாகிவிட்டது என்று சொன்னார்கள். அது முடிவதற்குள் வெயின் ஃபோனில் வந்தான்.

"எங்க இருக்கே?"

"அப்பா வீட்ல. ரோடு முங்கிருச்சு."

"வண்டி?"

"மேட்டுல நிக்குது."

"யாரக் கேட்டு அங்கத் தங்கற? ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் என்ன பண்றது? சரி, அவ வர்றாளா இல்லையா?"

ரேலீன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பக்கத்து வீட்டு காலின் தகரப் படகில் ரொட்டியும் பீர்ப் பெட்டியும் ஏற்றிக்கொண்டு தெருவில் துடுப்புப் போட்டுப் போனார்.

"டீகன் ரூமுத் தாழ்ப்பாள எதுக்குக் கழட்டினே?" என்று கேட்டாள்.

"எந்தத் தாழ்ப்பாளு? என்ன ஒளர்ற?"

"கழட்டினேல்ல, அது."

"என் வீட்டுக் கதவுல நான் என்ன வேணும்னாலும் பண்ணுவேன். நீ மொதல்ல வண்டிய..."

அவள் ஃபோனை அணைத்து மேசையில் கவிழ்த்து வைத்தாள். லாட்ஜில் படுக்கை விரிப்புத் துவைத்து அவள் சம்பாதிக்கிற சம்பளம் அப்படியே வெயின் கணக்குக்குப் போகிறது. வீட்டுத் தவணைக்கு என்று போகிறது, வீடு அவன் பேரில் இருக்கிறது. டீகன் இங்கே கொடுக்கிறதைவிடப் பல மடங்கு கொடுத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் அது வீட்டுக்காசு இல்லை. எந்த வியாழக்கிழமையும் மேசையில் வைக்கவில்லை. அதனால் முடியாது என்ற ஒரு வார்த்தையை இதுவரைக்கும் அவள் அந்த வீட்டில் சொன்னதில்லை. இதை நினைக்க நினைக்க அவளுக்கு எரிந்தது. இந்த எரிச்சல் வண்டி ஓட்டிக்கொண்டு வந்த எரிச்சல் மாதிரி இல்லை. அதில் சத்தம் இருந்தது, இதில் சத்தம் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் மழை கொஞ்சம் விட்டது. தவளைச் சத்தம் காதைப் பிளந்தது. தண்ணீர் இரண்டாவது படிக்கு வந்திருந்தது. மெர்வ் கறியைத் தூக்கி வைத்து, குறுக்கே கனமான துண்டுகளாக வெட்டினார். மடங்காத விரலோடும் கத்தி கோணவில்லை. டீகன் கறிக்கு ஊற்றிக்கொள்ளக் கடுகு போட்ட வெள்ளைக் குழம்பு கிண்டினாள். முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் வெந்திருந்தன. அன்று வியாழக்கிழமை என்பதால் டீகன் மடித்த நோட்டுகளை உப்பு ஜாடிக்கு அடியில் செருகினாள். மெர்வ் எண்ணிப் பார்க்காமல் எடுத்துத் தேயிலை டப்பாவில் போட்டார். பிறகு மூன்று தட்டு வைத்தார், பச்சை விளிம்பு போட்டவை. மூன்றும் நிமிர்ந்திருந்தன.

ரேலீன் தன் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் இன்னும் ஒண்ணும் வெக்கல."

"நீ விருந்தாளி. விருந்தாளிகிட்ட யாராவது காசு வாங்குவாங்களா? உக்காரு, ஆறுது."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். கவிழ்ந்த தட்டு பதினாறு வயசில் அவளை இவ்வளவு நோகடிக்கவில்லை. தான் பெற்ற டீகனுக்கு இந்த வீட்டில் குடித்தனம் இருக்கிறது, தாழ்ப்பாள் இருக்கிறது, சோபாவை நகர்த்தச் சொல்கிற வாய் இருக்கிறது. தனக்கு நல்ல வார்த்தையும் ஒரு வேளைக் கறியும். ரேலீன் குனிந்து தன் தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். பீங்கான் மேசையில் இடித்த சத்தத்தில் டீகன் கரண்டியை நிறுத்தினாள்.

"நான் விருந்தாளி இல்ல," என்றாள்.

மெர்வ் தட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"எத்தன நாளைக்கு?"

"தெரியாது."

"அவன்?"

"சமைச்சுத் திங்கட்டும்."

அவர் கன்னத்தைச் சொறிந்தார். கறித் தொழிற்சாலையில் மாட்டைப் பார்த்து எடை சொல்கிறவர் மாதிரி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு ஒரு தொகை சொன்னார்.

"அநியாயம்," என்றாள் ரேலீன்.

"கெழக்குப் பாத்த ரூமு. நல்லாக் காத்து வரும்."

"அந்த ரூமு மூலையில ஒழுகும். எங்கிட்டயே சொல்றியா? நான் பொறந்து வளந்த ரூமு."

"ஒழுகறதுக்குக் கொஞ்சம் கொறச்சுக்கறேன்."

"பாதி கொற."

"பாதின்னா கறி கெடையாது. உருளக்கெழங்கு மட்டுந்தான்."

"தாத்தா, சாமானத் தூக்கறது, வெள்ளம் வடிஞ்சாப் படிக்கட்டுக் கழுவறது எல்லாம் அம்மாதான் செய்யப்போறா. அதையும் கழிக்கணும்," என்றாள் டீகன்.

"நீ உன் குடித்தனத்தப் பாரு."

குரல் ஏறியது. மெர்வ் மேசையைத் தட்டினார், ரேலீன் அவரைவிடப் பலமாகத் தட்டினாள். கடைசியில் இரண்டு பேருக்கும் பிடிக்காத ஒரு தொகையில் வந்து நின்றது. ரேலீன் பர்ஸைத் திறந்தாள். அதில் இருந்தது திரும்பிப் போகிறதுக்கு வெயின் எண்ணிக் கொடுத்த பெட்ரோல் காசு மட்டும்தான். அதை எடுத்து உப்பு ஜாடிக்கு அடியில் வைத்தாள்.

"தாழ்ப்பாள்?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டுட்டு மாட்டறேன். ஒண்ணு மிச்சம் இருக்கு."

"இதையும் பென்ஷன் ஆபீஸ்ல போய் ஒப்பிப்பேல்ல?"

"ஒப்பிக்காம?" மெர்வ் காசை எடுத்து டப்பாவில் போட்டு மூடியை அழுத்தினார். "மகள் வந்திருக்கான்னு சொல்லுவேன். மகள்னாக் கணக்குல வராதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே."

ரேலீன் தட்டை நிமிர்த்தினாள்.